பார்த்தால் இறந்தகாலம், காதலித்தால் நிகழ்காலம்

இக்போ மொழியில் 'அஹுரு ம் கி' என்றால் 'உன்னைப் பார்த்தேன்'. இதன் கடைசியில் 'னான்யா' என்று சேர்த்துவிட்டால் 'உன்னைக் காதலிக்கிறேன்' ஆகிவிடும். அன்யா என்றால் கண். கண்ணில் பார்ப்பதுதான் அவர்களுக்குக் காதல். அழகான வழக்குதான், ஆனால் இலக்கணம் படிக்கிறவர் நின்று பார்க்க வேண்டிய இடம் வேறு. இரண்டு வாக்கியத்திலும் வினைச்சொல் ஒன்றே: 'ஹுரு'. அதில் ஓர் ஒலிகூட மாறவில்லை. ஆனால் முதல் வாக்கியம் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது, இரண்டாவது இந்த நிமிடமும் தொடர்கிற ஒன்றைச் சொல்கிறது.

ஆங்கிலம் வழியாக இக்போ படிக்க வருகிறவர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். 'ரு' என்பது இறந்தகால விகுதி என்று அவருடைய பாடப்புத்தகம் சொல்லியிருக்கும். அப்படியானால் இந்தக் காதல் முடிந்துபோன காதலா? இல்லை. தவறு புத்தகத்திலும் இல்லை, காதலிலும் இல்லை. வினைச்சொல்லைப் பார்த்து ஆங்கிலம் கேட்கிற கேள்வி ஒன்று, இக்போ கேட்கிற கேள்வி இன்னொன்று.

இக்போ நைஜீரியாவின் தென்கிழக்கு மொழி. அபியா, அனம்ப்ரா, எபோன்யி, எனுகு, இமோ என்ற ஐந்து மாநிலங்கள் அதன் தாயகம். பேசுகிறவர்கள் சுமார் 3 கோடிப் பேர். நைஜர்–காங்கோ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்டின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் இக்போக் குழந்தைக்குப் பள்ளியில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக வந்து சேர்கிறது. லண்டனிலும் ஹூஸ்டனிலும் வளரும் இக்போக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ இக்போதான் இரண்டாம் மொழி. ஆக, இரு திசையிலும் மாணவர்கள் இருக்கிறார்கள், இரு திசையிலும் பிழைகள் இருக்கின்றன.

இக்போவை எழுத 36 எழுத்துகள். 1961இல் ஒன்வு குழு வகுத்துக் கொடுத்த முறை அது. எட்டு உயிர்களில் மூன்றுக்குக் கீழே புள்ளி உண்டு. புள்ளி வைத்த 'ஒ' வேறு, வைக்காத 'ஒ' வேறு. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை, பொருளையே மாற்றும் குரல் ஏற்றத்தாழ்வான சுரத்தையும் காட்ட வழியில்லை. 'க்ப' என்று நான் எழுதும் இடத்தில் ககரத்தையும் பகரத்தையும் ஒரே நேரத்தில் வெடிக்க விட வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. இந்தக் குறைகளோடுதான் மேலே போக வேண்டும்.

மறுபடி அந்த 'ரு' விகுதிக்கு வருவோம். வேரில் எந்த உயிர் இருக்கிறதோ அதையே இந்த விகுதியும் எடுத்துக்கொள்ளும். 'ரி' என்றால் உண். 'ஒ ரிரி ன்ரி' என்றால் சாப்பிட்டான், அல்லது சாப்பிட்டாள். 'கா' என்றால் போ. 'காரா' என்றால் போனான். 'மே' என்றால் செய். 'மேரே' என்றால் செய்தான். வேர் என்ன ஒலிக்கிறதோ விகுதி அதை எதிரொலிக்கிறது. இதுவரை எல்லாம் இறந்தகாலம். இப்போது 'ன்வே' என்ற வேரை எடுங்கள். அதற்குப் பொருள் 'உடைமையாக வைத்திரு'. 'என்வேரே ம் எகோ' என்றால் 'என்னிடம் பணம் இருக்கிறது'. இருந்தது அல்ல, இருக்கிறது. 'ஒ டோரோ ஒகோலோகோ' என்றால் 'அவன் உயரமாக இருக்கிறான்'. விகுதி அதேதான், காலம் மட்டும் நிகழ்காலம்.

இதில் விதி எளிது. உண்பது, போவது, செய்வது எல்லாம் நிகழ்ச்சிகள். நிகழ்ச்சி உண்மையாகிவிட்டது என்றால் அது நடந்து முடிந்திருக்க வேண்டும். வைத்திருப்பது, உயரமாக இருப்பது, காதலிப்பது எல்லாம் நிலைகள். நிலை உண்மை என்றால் அது இப்போது இருக்கிறது. விகுதி சொல்வது 'இது உண்மையாயிற்று' என்பதை மட்டும். காலத்தை வினையின் இயல்பிலிருந்து கேட்பவரே எடுத்துக்கொள்கிறார். ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்ந்த வில்லியம் வெல்மர்ஸ் இதற்கு 'ஃபேக்டேட்டிவ்' என்று தனிப்பெயர் வைத்தார். 'இறந்தகாலம்' என்ற பெயரைவிட அது எவ்வளவோ பொருத்தம். பாடப்புத்தகங்கள் வசதிக்காக இன்னும் இறந்தகாலம் என்றே அச்சிடுகின்றன, மாணவர்கள் இன்னும் குழம்புகிறார்கள்.

ஆங்கிலத்துக்கு நிகழ்ச்சி, நிலை என்ற பாகுபாடு இரண்டாம்பட்சம். அது முதலில் கேட்பது 'எப்போது?' என்றுதான். 'ஹேவ்' நிலைதான் என்றாலும் நேற்றைய பணத்துக்கு 'ஹேட்' என்றே சொல்ல வேண்டும். இக்போவிலிருந்து ஆங்கிலத்துக்கு வருகிற மாணவர் நிகழ்ச்சி வினைகளில் இறந்தகாலத்தைச் சரியாகப் போட்டுவிட்டு நிலை வினைகளில் கோட்டைவிட்டால் வியப்பதற்கில்லை. இதில் சுவையான சங்கதி ஒன்று உண்டு. 1990களில் ரோஜர் ஆண்டர்சன், யசுஹிரோ ஷிராய் போன்ற ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். இரண்டாம் மொழி கற்கிறவர்கள் எந்தத் தாய்மொழிக்காரர்களாக இருந்தாலும், இறந்தகால விகுதியை முதலில் 'உடை', 'வந்து சேர்', 'முடி' போன்ற முற்றுப்புள்ளி உள்ள வினைகளில்தான் ஒட்டுகிறார்கள். 'விரும்பு', 'இரு' போன்றவற்றுக்கு அது மிகத் தாமதமாகவே வந்து சேர்கிறது என்பது அதன் சாரம். மற்றவர்கள் தற்காலிகமாகத் தங்கிப்போகிற அந்தப் படிநிலைக்கு மிக நெருக்கமான ஒன்றை இக்போ தன் நிரந்தர இலக்கணமாகவே வைத்திருக்கிறது.

ஆங்கில வினையின் உருவங்களை எண்ணிப் பார்த்தால் அதிகம் இல்லை. 'ரைட், ரைட்ஸ், ரோட், ரைட்டிங், ரிட்டன்' என்று ஐந்து. பல வினைகளுக்கு நான்கே. 'புட்' போன்றவற்றுக்கு மூன்று. 'பி' என்ற ஒன்றுக்கு மட்டும் எட்டு. லத்தீனோடும் தமிழோடும் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய குடும்பம். தொல்லை எண்ணிக்கையில் இல்லை, ஒழுங்கின்மையில் இருக்கிறது. சுமார் 200 வினைகள் தங்கள் இஷ்டத்துக்கு உருமாறுகின்றன. 'சிங், சேங், சங்' என்று உள்ளே உயிரை மாற்றுவது இந்தோ–ஐரோப்பிய மூதாதையிடமிருந்து வந்த பழைய வழி. ஒரு காலத்தில் இந்த வழியில் நடந்த வினைகள் இன்னும் அதிகம். 'ஹெல்ப்' என்பதற்கும் 'ஹோல்ப்' என்று ஒரு இறந்தகாலம் இருந்தது. நாளடைவில் அது 'ஹெல்ப்ட்' என்று ஊரோடு ஒத்துப்போய்விட்டது. 'கோ' மட்டும் இன்னொரு வினையின் இறந்தகாலமான 'வென்ட்'டைத் தனதாக்கிக்கொண்டது. இப்படிப் பிடிவாதமாகத் தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் தினமும் நாவில் புழங்குகிற வினைகள். அரிதாகப் புழங்குபவை மறந்துபோய் வழக்கமான விகுதிக்கு இறங்கிவிடுகின்றன.

இக்போவில் இந்தச் சள்ளை மிகவும் குறைவு. ஒரு வினைக்குத் தெரிந்த விகுதி இன்னொரு வினைக்கும் பொருந்தும், உயிர்களை மட்டும் இசைவித்துக்கொள்ள வேண்டும். எட்டு உயிர்களும் இரண்டு அணிகளாகப் பிரிகின்றன. நாக்கின் அடிப்பகுதி முன்னே நகர்ந்து ஒலிக்கும் நான்கு ஓர் அணி, பின்னே இழுத்து ஒலிக்கும் நான்கு இன்னோர் அணி. ஒரு வேர் எந்த அணியோ அந்த அணி உயிரையே ஒட்டுகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். 'ரி'க்கு முன்னால் 'எ', 'கா'வுக்கு முன்னால் 'அ'. அவன், அவள், அது மூன்றுக்கும் பொதுவான 'ஒ' என்ற பதிற்பெயர்கூடப் பக்கத்து வினையைப் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் எடுத்துவிடும். 'வாக்' என்பதோடு சேரும்போது டகரமாகவும், 'ப்ளே' என்பதோடு மெல்லிய டகரமாகவும், 'வான்ட்' என்பதோடு தனி அசையாகவும் ஆங்கில இறந்தகால விகுதி ஒலிக்கிறதே, அதுவும் இதே வகை வசதிதான். ஆங்கிலம் மூன்றையும் ஒரே எழுத்தில் மறைத்துவிடுகிறது, இக்போ ஒலிப்பதை அப்படியே எழுதிவிடுகிறது.

மறுத்துச் சொல்லும்போது மூன்று மொழிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். 'ரிரி' என்றால் சாப்பிட்டான். 'ஒ ரிகி ன்ரி' என்றால் சாப்பிடவில்லை. மறுப்பு விகுதி 'கி' உள்ளே வந்ததும் 'ரி' விகுதி வெளியேறிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஏட்' என்று சொன்னவர் மறுக்கும்போது 'டிட் நாட் ஈட்' என்கிறார். காலம் 'டிட்'டுக்குத் தாவிவிட, முதன்மை வினை வெறும் வேராக நிற்கிறது. தமிழில் 'சாப்பிட்டான்' என்பதில் காலமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். 'சாப்பிடவில்லை' என்றதும் இரண்டும் காணாமல் போய்விடுகின்றன. நடக்காத காரியத்துக்கு முதன்மை வினையில் காலம் குறிக்க மூன்று மொழிக்கும் அவ்வளவாக மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்படியிருந்தும் நம் ஊர் மாணவரும் எனுகு மாணவரும் 'டிடின்ட் ஏட்' என்று எழுதுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் தாய்மொழி அல்ல. ஆங்கிலம் காலத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறது. மாணவர் பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு இடத்திலும் வைத்துவிடுகிறார்.

கேள்வி கேட்பதில்தான் ஆங்கிலத்துக்கும் இக்போவுக்கும் நடுவே பெரிய இடைவெளி. 'வந்தானா?' என்று கேட்க ஆங்கிலம் எங்கிருந்தோ ஒரு 'டிட்'டை வரவழைத்து வாக்கியத்தின் தலையில் வைக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது இல்லாமலும் கேட்க முடிந்தது, இப்போது முடியாது. இக்போவில் பதிற்பெயரோடு கேட்கும்போது புதிதாக எந்தச் சொல்லும் வராது, இருக்கிற சொல்லும் இடம் மாறாது. 'ஒ பியாரா' என்பதில் 'ஒ'வை உயர்ந்த சுரத்தில் சொன்னால் 'வந்தான்'. அதையே தாழ்ந்த சுரத்தில் சொன்னால் 'வந்தானா?'. அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கேட்பதானால் பெயரைச் சொல்லிவிட்டு, பின்னால் தாழ்ந்த சுரத்தில் ஒரு 'ஒ' சேர்க்க வேண்டும்: 'ங்கோசி ஒ பியாரா?'. ஆங்கிலக் காதுக்கு வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறினால்தான் கேள்வி. இக்போவில் தொடக்கத்திலேயே குரல் இறங்கினால் கேள்வி. அன்றாட எழுத்தில் சுரக்குறி போடும் வழக்கமும் இல்லை, ஆகவே கேள்விக்குறிதான் வாசகருக்குத் துணை.

சுரத்தையும் ஒரே ஒரு உயிரையும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இக்போ ஆசிரியர்கள் காட்டக்கூடிய நல்ல உதாரணம் 'லா' விகுதி. 'அகாலா' என்றால் 'போகாதே'. 'அகாஆலா ம்' என்றால் 'நான் போய்விட்டேன்'. 'எரிலா' என்றால் 'சாப்பிடாதே'. 'எரியேலா ம்' என்றால் 'நான் சாப்பிட்டாயிற்று'. இரண்டிலும் முன்னால் ஓர் உயிர் ஒட்டு, இரண்டிலும் கடைசியில் லா. தடை சொல்லும்போது வேரோடு நேரடியாக லா சேர்கிறது. செய்து முடித்ததைச் சொல்லும்போது வேருக்கும் லாவுக்கும் நடுவே இன்னோர் உயிர் வந்து உட்காருகிறது. 'ம்' என்பது 'நான்'. அது வினைக்குப் பின்னால் வருவதால்தான் வினையின் முன்னால் அந்த உயிர் ஒட்டே தேவைப்படுகிறது. 'அவன் சாப்பிட்டாயிற்று' என்பதற்கு 'ஒ ரியேலா' போதும், முன்னொட்டு வேண்டாம். விருந்துக்கு வந்தவர் இலையில் கை வைக்கும் நேரத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன். ஒனிட்சா பக்கத்துப் பேச்சில் முடிவுப் பொருளுக்கு 'லா'வுக்குப் பதில் 'கோ' வரும் என்பதால், அங்கே இக்போ கற்பவர்களுக்கு இந்த ஒரு சங்கடம் மட்டும் இல்லை.

'இன்னும் சாப்பிடவில்லை' என்பதற்கு இக்போவில் தனி விகுதியே உண்டு: 'ஒ ரிபேகி ன்ரி'. 'சாப்பிடவில்லை' வேறு, 'இன்னும் இல்லை' வேறு என்று அந்த மொழி கறாராகப் பிரிக்கிறது. மாறாக 'சாப்பிடுகிறான்', 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்' இரண்டும் அதற்கு ஒன்றே: 'ஒ ன-எரி ன்ரி'. ஆங்கிலமோ இங்கே பிடிவாதம் பிடிக்கும். 'ஈட்ஸ்' என்றால் வழக்கம், 'இஸ் ஈட்டிங்' என்றால் இந்த நேரம். நைஜீரிய ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹியரிங் யூ' என்பது சாதாரணமாகக் காதில் விழும். நம் ஊரில் 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்பது எப்படியோ அப்படி. இரண்டுமே இலக்கண அறியாமை என்று ஆங்கில ஆசிரியர்கள் அடிக்கோடு போடுகிறார்கள். நிலை வினைகளுக்கு அந்த உருவம் வராது என்ற விதியை வெளியிலிருந்து வருகிறவர்கள் தேவையற்ற விதிவிலக்காகப் பார்த்து நீக்கிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது, எல்லா ஆங்கில வகுப்புகளையும் படுத்துகிற ஸகரம். 'ஹி கோ' என்று எழுதாதே, 'ஹி கோஸ்' என்று எழுது. இக்போ வினையின் விகுதி ஆளைப் பார்த்து மாறாது. நான், நீ, அவள், அவர்கள் யாராக இருந்தாலும் 'காரா' காராதான். அதனால் இக்போ மாணவர் ஸகரத்தை விட்டுவிடுகிறார் என்று சொல்வது எளிது. 1957இல் ராபர்ட் லாடோ எழுதிய நூலின் அடிப்படையில் வளர்ந்த ஒப்பீட்டு ஆய்வு முறை இப்படித்தான் விளக்கும்: இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வை, எங்கே வேறுபடுகிறதோ அங்கே மாணவர் விழுவார்.

அந்த விளக்கம் தமிழர்களிடம் வந்து உடைகிறது. தமிழ் வினை ஆள், எண், பால் மூன்றையும் தூக்கிச் சுமக்கிறது. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று மூச்சுவிடாமல் சொல்கிற குழந்தை ஆங்கிலத்தில் ஒரே ஒரு ஸகரத்தைப் போட மறக்கிறது. ஏன்? 1973இல் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கற்ற மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார். 'இங்' விகுதி சீக்கிரம் வருகிறது, ஒருமைப் படர்க்கை ஸகரம் வெகு தாமதமாக வருகிறது என்பது அதில் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஹைடி டுலேயும் மரினா பர்ட்டும் ஸ்பானியம் பேசும் குழந்தைகளையும் சீனம் பேசும் குழந்தைகளையும் பார்த்தார்கள். இரு கூட்டமும் ஆங்கில விகுதிகளைக் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் கைக்கொண்டன. தாய்மொழியில் ஆள் விகுதி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஐந்து இடங்களில் ஒன்றும் இல்லாமல் ஒரே இடத்தில் மட்டும் தலைகாட்டுகிற, பொருளுக்கு எதையும் கூட்டாத அந்த ஸகரத்தை மனித மூளை மதிப்பதில்லை. இக்போ மாணவர் தலையில் இந்தப் பழியைக் கட்டுவது நியாயமில்லை.

'ஹி', 'ஷி' குழப்பம் மட்டும் வேறு கதை. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே 'ஒ' வைத்துப் பேசி வளர்ந்தவர் ஆங்கிலம் பேசும்போது அக்காவை 'ஹி' என்று சொல்லிவிடுவது நேரடியாகத் தாய்மொழியிலிருந்து வருவது. தமிழருக்கு அந்தத் தடுமாற்றம் அவ்வளவாக இல்லை.

புதிய வினைகளை உண்டாக்குவதில் இரண்டு மொழியும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கிவிடலாம். கூகுள் என்ற நிறுவனப் பெயர் 2006இலேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினையாக ஏறிவிட்டது. உரிச்சொல்லின் பின்னால் 'என்' ஒட்டியும் வினை செய்யலாம்: 'பிளாக்கன்' கறுப்பாக்கு, 'ஒயிட்டன்' வெளுப்பாக்கு, 'ரெடன்' சிவப்பாக்கு. இதே வழியில் பச்சையாக்க, நீலமாக்க முயன்று பாருங்கள், முடியாது. 'கிரீனன்', 'புளூவன்' என்ற சொற்களே ஆங்கிலத்தில் இல்லை. காரணம் நிறத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. காற்றை அடைத்தோ உரசியோ வரும் க, ட, ஸ, ஃப போன்ற மெய்களில் முடிகிற சொல்லோடுதான் அந்த விகுதி சேரும். னகரத்தில் முடியும் கிரீனோடும் உயிரில் முடியும் புளூவோடும் சேராது. 'லாங்' சேர முடியாமல், 'லெங்த்' என்ற பெயர்ச்சொல்லின் வழியாகச் சுற்றிப்போய் 'லெங்தன்' ஆனது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள் இந்த விதியைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் மீறுவதில்லை. இரண்டாம் மொழிக்காரருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு, யாரும் சொல்வதும் இல்லை.

இக்போவில் பெயர்ச்சொல்லை வினையாக்கும் இந்தக் குறுக்குவழி கிடையாது. வினையிலிருந்து பெயர் பிறக்கும். ரி என்ற உண்ணலிலிருந்து 'ஒரிரி' என்ற விருந்து, 'ன்வு' என்ற சாதலிலிருந்து 'ஒன்வு' என்ற சாவு. திருப்பி நடக்காது. வேர்களும் பெரும்பாலும் ஒரு மெய், ஓர் உயிர் மட்டுமே கொண்டவை. 28 மெய், 8 உயிர் என்று பெருக்கினால் 224. சுரத்தால் இரட்டித்தாலும் 448. ஒரு மொழியின் வினைத் தேவைக்கு இது எந்த மூலைக்குப் போதும்? ஆகவே இக்போ வேறு வழிகளைத் தேடிக்கொண்டது. அதில் மிகவும் பேசப்படுவது 'க்பா'.

'க்பா ஓசோ' என்றால் ஓடு. 'க்பா எக்வு' என்றால் நடனமாடு. 'க்பா எக்பே' துப்பாக்கியால் சுடு, 'க்பா ம்க்பா' மற்போர் செய், 'க்பா போலு' பந்து விளையாடு, 'க்பா அஃபா' குறி பார், 'க்பா ன்கிட்டி' பேசாமல் இரு. பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்புவதற்கும் க்பாதான். அப்படியானால் க்பா என்பதற்குத் தனியாக என்ன பொருள்? வெளியூர்க்காரர் ஒருவர் வந்து தமிழில் 'அடி' என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால் நாம் முழிப்போமே, அதே நிலைதான். வெயில் அடிக்கிறது, பெயின்டர் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார், பையன் காப்பி அடிக்கிறான், பின்வரிசையில் விசில் அடிக்கிறார்கள், நேர்த்திக்கு மொட்டை அடிக்கிறோம். எந்த இடத்திலும் யாருக்கும் அடி விழவில்லை. நமக்கு இப்படி ஒரு சில வினைகள்தான், 'அடி', 'போடு', 'பிடி' என்று. இக்போவில் இது வினை அமைப்பின் முதுகெலும்பு. பெயரைச் சேர்க்காமல் வினைக்குப் பொருளே நிறைவுறாத இந்த வகையை நுவாச்சுக்வு போன்ற இக்போ மொழியியலாளர்கள் தனி வகுப்பாகவே பிரித்து ஆராய்ந்தார்கள். 1978இல் நவீன இக்போ இலக்கணம் எழுதிய எமெனஞ்சோவும் இதற்கு நிறைய இடம் கொடுத்தார்.

ஆங்கிலம் வழியாக வருகிற மாணவர் அகராதியில் 'ரன்' என்று தேடி, 'க்பா' என்று பார்த்து, அதை மட்டும் மனப்பாடம் செய்கிறார். பிறகு வாக்கியத்தில் போட்டால் கேட்பவருக்கு ஓட்டமா, ஆட்டமா, துப்பாக்கியா என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே ஒரு சொல்லாகப் படிக்க வேண்டும். விகுதிகள் மட்டும் முதல் பாதியில்தான் சேரும்: 'ஒ க்பாரா ஓசோ' ஓடினான், 'ஒ க்பாகி ஓசோ' ஓடவில்லை. ஓசோ எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வழி, வேரோடு திசையும் விளைவும் காட்டும் ஒட்டுகளைச் சேர்ப்பது. 'வே' என்றால் எடு. வேட்டா, கொண்டு வா. வேப்பு, அகற்று. வேப்புட்டா, வெளியே எடுத்து வா. வேபாட்டா, உள்ளே கொண்டு வா. வேடா, கீழே இறக்கு. வேலிட்டே, மேலே தூக்கு. ஆங்கிலம் 'டேக் அவே', 'பிரிங் அவுட்', 'பிரிங் இன்' என்று வினைக்கு வெளியே தனிச்சொல்லாக வைப்பதை இக்போ வினைக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. முன்னிடைச்சொல் என்று இக்போவில் உருப்படியாக இருப்பது 'ன' ஒன்றே. காதல் வாக்கியத்தின் 'னான்யா'வில் ஒட்டியிருப்பதும் அதுதான். மற்றதையெல்லாம் வினை பார்த்துக்கொள்கிறது. 'கத்தியால் இறைச்சியை வெட்டினான்' என்பதைக்கூட 'ஒ ஜி ம்மா பே அனு' என்று, கத்தியைப் பிடிப்பதை ஒரு வினையாகவும் வெட்டுவதை இன்னொரு வினையாகவும் அடுக்கித்தான் சொல்கிறார்கள். ஆங்கில முன்னிடைச்சொற்களில் இக்போ மாணவர் ஏன் தவிக்கிறார் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு வேர்களை நேரடியாகப் பிணைப்பது. 'டி' அடி, 'க்பு' கொல். 'டிக்பு' என்றால் அடித்துக் கொல். 'க்பாக்பு' என்றால் சுட்டுக் கொல். 'ஒ டிக்புரு யா', அவனை அடித்தே கொன்றுவிட்டான். காரணம் முன்னால், விளைவு பின்னால், கடைசியில் ஒரே ஒரு விகுதி. இங்கே தமிழர் சிரமமே இல்லாமல் நுழைந்துவிடலாம். நாம் 'அடித்து' என்று எச்சமாக்கி இரண்டாக வைப்பதை அவர்கள் ஒன்றாக வைக்கிறார்கள், வரிசை அதேதான்.

உரிச்சொற்களின் பஞ்சத்தையும் சொல்லியாக வேண்டும். உலக மொழிகளின் உரிச்சொற்களைப் பற்றி 1970களில் எழுதிய ஆர். எம். டபிள்யூ. டிக்சன், இக்போவில் எட்டே எட்டு உரிச்சொற்கள் என்பதை எடுத்துக்காட்டினார். பெரிய, சிறிய, புதிய, பழைய, நல்ல, கெட்ட, கறுத்த, வெளுத்த. நான்கு எதிர்ச்சோடிகள், அதோடு கடை மூடிவிட்டது. அழகு, உயரம், வலிமை, சிவப்பு எல்லாவற்றையும் வினைதான் சொல்ல வேண்டும். 'சிவப்பாக இருக்கிறது' என்பதற்கு 'ஒ ன-அச்சா ஒபாரா ஒபாரா'. 'ச்சா' ஒளிர்வதைச் சொல்லும் வினை, ஒபாரா என்றால் இரத்தம். பச்சைக்கு அதே வினையோடு உயிருள்ள இலை. ஆங்கிலத்தில் உரிச்சொல்லுக்கு முன்னால் ஒரு 'இஸ்' போடப் பழகுவதே இக்போ மாணவருக்குத் தனி வேலை, ஏனென்றால் அவர் மொழியில் அழகாக இருப்பதும் ஒரு வினை.

இரு மொழியையும் தினம் புழங்குகிறவர்கள் இந்த இலக்கண வேலிகளைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நைஜீரியாவில் விளக்கை அணைக்க 'ஆஃப் த லைட்' என்றே சொல்வார்கள். ஆங்கிலேயர் பெரும்பாலும் வினையோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு துணைச்சொல் அங்கே தனியாகவே வினையாகிவிட்டது. இக்போப் பேச்சிலோ ஆங்கில வினைகள் நாலாபுறமும் நுழைகின்றன, ஆனால் வெறுங்கையோடு நுழைய விடுவதில்லை. 'ட்ராவல்' வந்தால் முன்னால் இக்போவின் 'ன-எ' போட்டுத்தான் வாக்கியத்தில் ஏற்றுகிறார்கள். 'ட்ராவலிங்' என்ற வால் லாகோஸ் பேருந்து நிலையத்திலேயே கழற்றப்பட்டுவிடும்.